மதுரையிலிருந்து மலைக்கு கோல்ஃப் ஆடப் போகிறவருக்கு: கொடைக்கானலா, ஊட்டியா, மூணாறா, நுவரெலியாவா?

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் ஆடிப் பழகியவர்கள், பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டவர்கள், வளைகுடாவில் பழகிவிட்டு ஊர் திரும்பியவர்கள் என்று மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் கோல்ஃப் மட்டை வைத்திருப்பவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை வருகிறது. தரையில் ஆடியது போதும், மலையில் ஆடிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் குழப்பமும் வருகிறது. கொடைக்கானல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஊட்டிதான் பெரியது என்கிறார் ஒருவர். குடும்பத்தோடு என்றால் மூணாறு என்கிறார் இன்னொருவர். மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கும்போது நுவரெலியா போகாமல் எதற்கு இங்கேயே சுற்றுகிறாய் என்று மூன்றாமவர் கேட்கிறார்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை மைதானம் முதல் முறை உங்களைத் தோற்கடிக்கும். இரண்டாம் முறை, ஏன் தோற்றோம் என்று புரியும். அதற்குப் பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது. அதனால் எது அழகு, எது பழமை என்று பார்ப்பதைவிட, எந்த மைதானத்துக்கு உங்களால் திரும்பத் திரும்பப் போக முடியும் என்று பாருங்கள். மதுரைக்காரருக்கு அந்தக் கணக்கில் கொடைக்கானல்தான் முன்னால் நிற்கும். ஆனாலும் மற்ற மூன்றையும் தேர்ந்தெடுக்க நியாயமான காரணங்கள் உண்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, உள்ளே விடுவார்களா என்பது. பணம் கட்டினால் யாரும் ஆடலாம் என்று அரசு அமைப்பே நடத்தும் மைதானங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் குதுப் மைதானம் அப்படி ஒன்று. நம் மலைகளில் இருப்பவை வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய கிளப்கள். அவற்றில் சில, வெளியாட்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட விடுகின்றன. சில, உறுப்பினர் வழியாகவோ தங்குபவராகவோ வந்தால்தான் விடும். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் ஜிம்கானா கிளப் 1873-ல் தொடங்கியது, நல்ல 18 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி) மைதானம். ஆனால் ராணுவப் பகுதிக்குள் இருப்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இரண்டாவது, என்ன மாதிரிக் கடினம் என்பது. கடினம் எல்லாம் ஒன்றில்லை. சரிவு தரும் கடினம் வேறு, முள்புதர் தரும் கடினம் வேறு, குறுகலான பாதை தரும் கடினம் வேறு.

மூன்றாவது, மதுரையிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், சேர்ந்தபோது உடம்பு எந்த நிலையில் இருக்கும். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாலாவது, தொடங்கிய ஆட்டத்தை மழையும் மூடுபனியும் முடிக்க விடுமா என்பது. அப்புறம் செலவு. கடைசியாக, கூட வரும் ஆடாதவர்கள் நம் ஆட்டம் முடியும் வரை அந்த ஐந்து மணி நேரம் என்ன செய்வார்கள்?

## மலை ஏன் தரை மாதிரி இல்லை

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த மலைக்குப் போனாலும் வீண். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து 330 அடி உயரத்தில்தான் இருக்கிறது. கொடைக்கானல் 7,000 அடி. மேலே போகப் போகக் காற்று லேசாகிறது, பந்தைத் தடுக்கும் விசை குறைகிறது, பந்து தூரம் போகிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். கொடைக்கானல் உயரத்தில் அது 8 சதவீதத்தை ஒட்டி வரும். தரையில் 150 யார்டு போகும் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) அடி அங்கே 160-ஐத் தாண்டும். ஒரு மட்டை குறைத்து எடு, அதாவது ஒரு படி குறைவான தூரம் போகும் மட்டையை எடு என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

ஆனால் இது பாதிக் கதை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. குளிரில் பந்தும் இறுகிவிடும், தோளும் முழுசாகத் திரும்பாது. காலை 7 மணிக்கு 10 டிகிரியில் முதல் டீயில் (ஒவ்வொரு ஹோலுக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) நிற்கும்போது உயரம் கொடுத்த லாபத்தில் நல்ல பகுதியைக் குளிர் தின்றுவிடும். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் அதே மட்டை கிரீனை (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) தாண்டி அடிக்கும். ஒரே ஆட்டத்துக்குள் கணக்கு மாறுகிறது. இதோடு ஈரத் தரையில் பந்து உருளாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கால் நிற்கும் இடம். தரை மைதானத்தில் டீயைத் தாண்டியும் சமமான நிலம் கிடைக்கும். மலையில் டீயை விட்டு இறங்கினால் சமநிலம் அரிது. மாடிப்படியில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்துக்கொண்டு அடிப்பது போல இருக்கும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து கால்களைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும். கீழே இருந்தால் வலப்பக்கம் ஓடும். ஏற்றத்தில் நின்று அடித்தால் பந்து உயர எழும்பி, தூரம் குறையும். இறக்கத்தில் அடித்தால் தாழப் போய், விழுந்த பிறகும் ஓடும். இந்த நாலையும் மனப்பாடம் செய்வது சுலபம். உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் நாள் எடுக்கும்.

கிரீனில் கண்ணே ஏமாற்றும். பின்னால் பெரிய மலைச்சரிவு நிற்கும்போது மெல்லிய இறக்கம் ஏற்றமாகத் தெரியும். பை சுமந்து கூட வரும் உள்ளூர் கேடிக்கு அந்த நிலத்தின் சாய்வு காலடியில் தெரியும். அவர் "வலப்பக்கம் அடிங்க" என்று சொல்லி, உங்கள் கண் இடப்பக்கம் என்று சொன்னால், அவர் பேச்சைக் கேளுங்கள்.

மூச்சும் ஒரு விஷயம். 7,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். 18 ஹோல் என்றால் ஏற்ற இறக்கத்தோடு ஏழெட்டு கிலோமீட்டர் நடை. இதயம், ரத்த அழுத்தம் சம்பந்தமாக மருந்து சாப்பிடுகிறவர்கள் போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

## ஒரு பார்வையில்

| | கொடைக்கானல் | ஊட்டி | மூணாறு | நுவரெலியா |
|---|---|---|---|---|
| ஊரின் உயரம் | சுமார் 7,000 அடி | சுமார் 7,350 அடி | 5,000 அடிக்கு மேல் | சுமார் 6,100 அடி |
| ஹோல் | 18 | 18 | 9 | 18 |
| மதுரையிலிருந்து | சுமார் 120 கி.மீ., மூன்றரை மணி நேரம் | கிட்டத்தட்ட 300 கி.மீ., ஏழெட்டு மணி நேரம் | சுமார் 160 கி.மீ., ஐந்து மணி நேரம் | கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம், பிறகு ஐந்து மணி நேரச் சாலை |
| குறைந்தது எத்தனை நாள் | ஒரு இரவு | இரண்டு இரவு | ஒரு இரவு, இரண்டு நல்லது | மூன்று இரவு |
| நல்ல மாதங்கள் | ஜனவரி முதல் மார்ச் | பிப்ரவரி, மார்ச் | டிசம்பர் முதல் மார்ச் | ஜனவரி முதல் மார்ச் |
| முக்கியச் சவால் | சரிவு, மூடுபனி | முள்புதர், திறந்தவெளிக் காற்று | மழை, ஈரம் | குறுகலான ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்பாதை), மரங்கள் |
| முன் அனுமதி | இ-பாஸ் | இ-பாஸ் | கிளப் வழி | பாஸ்போர்ட், ஈடிஏ (இலங்கையின் ஆன்லைன் பயண அனுமதி) |

## கொடைக்கானல்

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. ஏரியைத் தாண்டி, பசுமைப் பள்ளத்தாக்குக்கும் தூண் பாறைக்கும் போகிற அதே பக்கத்தில் இருக்கிறது. சுற்றுலா வேனில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "புல்வெளி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும் அந்த இடம்தான், உள்ளே இறங்கி ஆடினால் வேறு முகம் காட்டும். வெளியிலிருந்து வருபவர்களும் கட்டணம் செலுத்தி ஆட முடிகிறது என்பது பெரிய வசதி.

இங்கே சவால் நிலத்தின் மடிப்பில் இருக்கிறது. அடித்த பந்து மேட்டைத் தாண்டி எங்கே இறங்கியது என்றே பல நேரம் தெரியாது. நல்ல அடி என்று நினைத்தது சரிவில் உருண்டு மரத்தடிக்குப் போயிருக்கும். டிரைவர் என்னும் தூர அடி மட்டையால் ஓங்கி அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மைதானம் முதலில் எரிச்சலைத் தரும். தூரம் குறைவாகப் போனாலும் கட்டுக்குள் இருக்கும் 5 அயர்னையோ ஹைப்ரிட்டையோ எடுத்து, அடுத்த அடியைச் சமமான இடத்திலிருந்து அடிக்கும்படி பந்தை வைக்கக் கற்றுக்கொண்டவருக்குத்தான் இது இணங்கும். அதைக் கற்கத்தான் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்கிறேன்.

காட்டுமாடுகள் மைதானத்தில் மேய்வது இங்கே சாதாரணம். அவற்றுக்கு இது மேய்ச்சல் நிலம், நாம்தான் வந்தேறிகள். கூட்டம் ஃபேர்வேயில் நின்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். போட்டோவுக்காக நெருங்கவே கூடாது. பார்க்கச் சாதுவாக இருக்கும், மிரண்டால் ஓடித் தப்ப முடியாது. விதிகளில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. நின்றிருக்கும் பந்தை மாடு மிதித்து நகர்த்தினால் அபராதம் இல்லை, பழைய இடத்தில் வைத்து ஆடலாம். சாணம் எடுத்துப் போடக்கூடிய பொருள் கணக்கில் வரும். கிரீனில் இருக்கும் குளம்புத் தடத்தைச் சரிசெய்துவிட்டு புட் (குழிக்குள் உருட்டும் அடி) அடிக்கலாம். 2019-ல் விதிகள் மாறியதிலிருந்து இது தெளிவாகவே இருக்கிறது. ஃபேர்வேயில் இருக்கும் குளம்புத் தடத்துக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது, கிளப்பின் உள்ளூர் விதி என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூடுபனிதான் இங்கே உண்மையான எதிராளி. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தால் நூறு யார்டு தள்ளி நிற்பவர் தெரிய மாட்டார். பந்தைத் தேட விதி கொடுப்பது மூன்றே நிமிடம். ஆகவே சந்தேகம் வந்த உடனேயே மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள். சோலைக்குள் போன பந்தை மறந்துவிடுவது எல்லாவிதத்திலும் நல்லது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும். எடுக்கப் பணம் இல்லை. ஆனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைத்தால் கடைசி நேரத்தில் கிடைக்காது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் சிக்கல், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளி விடுமுறையும் சேரும் வாரங்களில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் நகராது. சனி, ஞாயிறு தவிர்த்தால் பாதித் தொல்லை தீரும். திங்களன்று பராமரிப்புக்கு மூடும் வழக்கம் பல கிளப்களில் உண்டு என்பதால் செவ்வாய் முதல் வியாழன் வரை திட்டமிடுவது உத்தமம்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்று கேட்பார்கள். முடியும். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வத்தலக்குண்டு தாண்டி, காட் ரோடு ஏறி, ஒன்பது மணிக்கு டீயில் நிற்கலாம். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வளைந்து வளைந்து ஏறிய தலைச்சுற்றல் அடங்கக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். அது அடங்காமல் புட் அடித்தால் எதுவும் உள்ளே போகாது. ஆடிக் களைத்து, பனியில் இறங்கி ஓட்டுவதும் ஆபத்து. முந்தைய நாள் மாலையே ஏறிவிடுங்கள். ஏறும் முன் வத்தலக்குண்டில் பரோட்டா, சால்னா என்று வயிற்றை நிரப்பாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது கூட வருபவர்களுக்கும் நல்லது.

கொடைக்கானல் யாருக்குச் சரி: வருடத்தில் நாலைந்து தடவையாவது மலையில் ஆட வேண்டும் என்று நினைப்பவருக்கு. ஆட்டத்தைச் சீராக்க விரும்புபவருக்கு. இரண்டு நாளுக்கு மேல் கடையையோ அலுவலகத்தையோ விட்டு வர முடியாதவருக்கு.

## ஊட்டி

ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம் நீலகிரியின் திறந்த புல்மேடுகளில் விரிந்திருக்கிறது. கொடைக்கானலில் நிலத்தின் மடிப்பு உங்களை ஒளித்து வைக்கும். இங்கே எல்லாம் கண்ணெதிரே தெரியும். அதுதான் பொறி. ஃபேர்வேக்கு வெளியே கார்ஸ் என்னும் முள்புதர், மஞ்சள் பூவோடு அழகாக நிற்கும். வெள்ளைக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டது, நீலகிரியில் பரவி நிலைத்துவிட்டது. அதற்குள் பந்து போனால் கையை விட்டு எடுக்கவும் முடியாது, மட்டையை வீசவும் முடியாது. ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஓர் அடி அபராதத்தோடு இரண்டு மட்டை நீளம் தள்ளிப் போடுங்கள். அல்லது குழியில் நட்ட கொடியிலிருந்து பந்து வழியாகப் பின்னுக்குப் போகும் கோட்டில் நல்ல இடம் பார்த்துப் போடுங்கள். வீரம் காட்டி உள்ளே நின்று அடித்தால் எட்டு, ஒன்பது அடி என்று ஸ்கோர் அட்டையில் ஏறும்.

நேராக அடிப்பவருக்கு ஊட்டி நீதியான மைதானம். தூரமாக அடித்து இரண்டு பக்கமும் சிதறுகிறவருக்குக் கொடூரம். மேட்டில் நிற்கும்போது காற்றும் ஒரு மட்டையைக் கூட்டவோ குறைக்கவோ வைக்கும். எது பெரிய அனுபவம் என்று கேட்டால், தயங்காமல் ஊட்டி என்பேன். நாலு பக்கமும் மேடுகள் அலை அலையாகப் போகும் அந்த வெளி நம் தென்னகத்தில் வேறு மைதானத்தில் கிடைக்காது.

தடை தூரம்தான். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும், அதன் பிறகுதான் மலையே. கோடையில் குன்னூர் சாலையையும் கோத்தகிரி சாலையையும் ஒருவழியாக்குவார்கள், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். புல் உறைந்திருக்கும்போது மிதித்தால் கருகிவிடும் என்பதால் வெயில் வந்து உருகும் வரை காத்திருக்க வேண்டும். அதிகாலையில் ஆட்டம் தொடங்கும் டீ நேரம் வாங்கி நடுங்கிக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் அறை வாடகை எகிறும்.

ஊட்டிக்கு ஆதரவாக ஒரு பெரிய விஷயம், ஆடாதவர்களுக்கு வேலை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ. மலை ரயில் ஓடுகிறது, 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. குடும்பத்தை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் காரில் மைதானத்துக்குப் போகலாம். டிக்கெட் மட்டும் வெகு முன்பே போட வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு நாள், இரண்டு ஆட்டம் என்று போக ஊட்டி பொருத்தம். வழியில் செட்டிபாளையத்தில் ஒரு ஆட்டம் சேர்த்தால் பயணத்துக்கும் நியாயம் கிடைக்கும். மாதாமாதம் போகலாம் என்று நினைத்தால் இரண்டாவது மாதமே கைவிட்டுவிடுவீர்கள்.

## மூணாறு

மூணாறு ஹை ரேஞ்ச் கிளப் 1909-ல் தேயிலைத் தோட்டத் துரைமார்களுக்காக உருவானது. 9 ஹோல் மைதானம். 18 ஆட வேண்டுமென்றால் இரண்டு சுற்று வர வேண்டும். கிளப்புக்கென்று உடை ஒழுங்கு உண்டு, அங்கேயே தங்குகிறவராகப் போவதுதான் வசதியான வழி.

சவால் என்று மட்டும் பார்த்தால் மற்ற மூன்றுக்கும் கீழேதான் வைப்பேன். ஆனால் மதுரையிலிருந்து போகும் வழி சுகம். தேனி, போடி தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டு, பிறகு பூப்பாறை, தேவிகுளம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த வழியில் வரும் கேப் ரோட்டில் மண் சரிவது பல வருடங்களாக நடக்கிறது. அந்த மாதங்களில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவதே வேண்டாம், அட்டைக் கடிதான் மிச்சம். இரவில் அந்தச் சாலையில் யானை நிற்கும், இருட்டுவதற்குள் சேர்ந்துவிடுங்கள்.

முதல் தடவை மலையில் ஆடுபவர், 18 ஹோல் நடக்கத் தெம்பு போதாதவர், பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் அதில் ஒரு காலைப் பொழுதை மட்டும் ஆட்டத்துக்கு ஒதுக்குகிறவர் ஆகியோருக்கு மூணாறு சரி. உயரம் குறைவு என்பதால் மூச்சும் அவ்வளவு வாங்காது.

## நுவரெலியா

இங்கே 'அந்நியன்' என்ற தயக்கமே இல்லாமல் உள்ளே போகலாம். 1889-ல் தொடங்கிய கிளப், ஊருக்கு நடுவிலேயே மைதானம், சுற்றுலா வருபவர் கட்டணம் கட்டி, மட்டை வாடகைக்கு எடுத்து, கேடியோடு ஆடுவது அங்கே அன்றாட நடப்பு. பொது மைதானம் என்று சொல்லத்தக்கதற்கு இந்த நாலில் மிக நெருங்கி வருவது இதுதான். மேலே இலங்கையின் உயர்ந்த மலையான பிதுருதலாகலை, 2,524 மீட்டர், பார்த்துக்கொண்டு நிற்கும்.

மைதானத்தின் நீளம் குறைவு. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இருபுறமும் மரங்கள் நெருக்கி நிற்கும் குறுகலான ஃபேர்வே. தூரம் அடிப்பவருக்கு இங்கே லாபம் கிடையாது, டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு ஆடினாலும் குறை இல்லை. கிரீனுக்குப் பக்கத்தில் வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கிக் குறுந்தூரம் போடும் மட்டை) நன்றாக ஆடுகிறவர் ஜெயிப்பார். கொடைக்கானலில் சரிவோடு போராடிப் பழகியவருக்குக் கால் நிற்கும் இடம் இங்கே கொஞ்சம் சுலபமாகத் தெரியும், கண்ணுக்குத்தான் நெருக்கடி.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அது முக்கியமானது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுபவர்கள்தான் அதிகம். காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காக 19-ம் நூற்றாண்டில் நம் தென் மாவட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள். அவர்களில் மதுரைச் சீமையிலிருந்து போனவர்களின் வம்சமும் உண்டு. கடைத்தெருவில் தமிழிலேயே பேசி வாங்கலாம். அந்தப் பச்சை மலைகளை உண்டாக்கிய உழைப்பு யாருடையது என்று தெரிந்துகொண்டு போனால், தோட்டத்தைக் கடந்து போகும் சாலையே வேறு மாதிரி தெரியும்.

செலவுதான் யோசிக்க வைக்கும். விமான டிக்கெட்டோடு முடியாது. மட்டைப் பைக்குத் தனி எடைக் கட்டணம் வரலாம். ஒரே ஆட்டத்துக்காகப் போகிறவர் காலணி, கையுறை, பந்துகளை மட்டும் எடுத்துப்போய் அங்கே மட்டை வாடகைக்கு எடுப்பது மேல். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து மலையேறும் ஐந்து மணி நேரக் கார் வாடகை, திரும்பி வர அதே வாடகை, இரண்டும் சேர்ந்து ஆட்டக் கட்டணத்தைத் தாண்டிவிடும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கை முழுவதும் அங்கே ஏறி வரும், அப்போது அறை கிடைப்பதே பாடு.

நாலைந்து நாள் பயணத்தில் ஆட்டம் ஒரு பகுதி, மீதி ஊர் சுற்றல் என்று நினைப்பவருக்கு நுவரெலியா நிறைவாக இருக்கும். கண்டி வழியாகப் போவதென்றால் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய 18 ஹோல் மைதானத்தில் இன்னொரு ஆட்டமும் போடலாம், அது 1999-ல் திறந்தது. கிளப், உறுப்பினர் என்றாலே கூச்சப்படுபவருக்கும் இங்கேதான் சௌகரியம்.

## எங்கே போனாலும் வரும் செலவு

தரையில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பந்து தொலைப்பவர் மலையில் ஆறு தொலைப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த புதுப் பந்துகளை வீட்டில் வைத்துவிட்டு, பழைய பந்து ஒரு டஜன் எடுத்துப் போங்கள். கையுறை நனைந்தால் பிடி வழுக்கும், மூன்று வேண்டும். மழைக்கோட்டு, அடியில் முள் வைத்த காலணி, துண்டு இரண்டு. தரை மைதானத்தில் முள் இல்லாத காலணி போதும், ஈரச் சரிவில் போதாது, வழுக்கி முழங்கால் திரும்பினால் அந்த வருடமே போச்சு.

கேடிக்குக் கொடுக்கும் பணத்தில் கை இறுக்க வேண்டாம். நமக்கு அது உல்லாசம், அவருக்கு அது பிழைப்பு. மழையால் ஒன்பது ஹோலோடு நின்றாலும் பேசிய பணத்தை முழுசாகக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது உங்கள் ஆட்டத்தை ஞாபகம் வைத்திருந்து, எங்கே தப்பு செய்வீர்கள் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர் அவர்தான்.

அறை முன்பதிவில் ஒரு நாள் கூடுதலாகக் கணக்கு வையுங்கள். பனி ஆட்டத்தை நிறுத்தினால் மறுநாள் காலையில் தொடர அந்த ஒரு நாள்தான் உதவும். அதை மிச்சம் பிடிக்கப் போய், பாதி ஆட்டத்தோடு மலையிறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

## கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டியவை

கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் இணையத்தில் பார்த்த பழைய தொகையை நம்பாமல் கிளப்புக்கே போன் செய்யுங்கள். வெளியாட்களை அந்த நாளில் விடுகிறார்களா, போட்டி ஏதும் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்று கேட்பார்களா, வார இறுதிக் கட்டணம் தனியா, மட்டை வாடகைக்கு உண்டா, இடக்கைக்காரருக்கும் கிடைக்குமா, கேடி முன்பே சொல்ல வேண்டுமா என்பது அடுத்தது. காலர் இல்லாத சட்டையும் ஜீன்ஸும் பெரும்பாலான கிளப்களில் ஆகாது, அதையும் கேட்டுவிடுங்கள். மழை வந்து நின்றால் கட்டிய பணத்துக்கு இன்னொரு நாள் ஆட விடுவார்களா என்ற கேள்வியைப் பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மலையில் அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.